டென்வரில் அக்டோபர் வந்தால் முதலில் காலி செய்ய வேண்டியது அந்தப் பித்தளையை

அமெரிக்காவின் டென்வர் பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மூர்க்காரர்கள் முதல் வருடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஸ்பிரிங்க்ளரை எப்போ ஊதணும்?" என்பதுதான். குளிரில் உறைந்து உடையாமல் இருக்க, தோட்டத்துக் குழாய்களில் நிற்கும் தண்ணீரைக் காற்றடித்து வெளியேற்றுவதைத்தான் ஊதுவது என்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் ஊதுவது இரண்டாவது வேலை. வீட்டுச் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் செம்புக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு பித்தளைச் சாமான், அதைக் காலி செய்வதுதான் முதல் வேலை. ஊதுகிற ஆள் வர இரண்டு வாரம்கூட ஆகும். பித்தளையைக் காலி செய்ய ஒரு ஸ்க்ரூடிரைவரும் கால் மணி நேரமும் போதும். எனக்குத் தெரிந்து இங்கே குளிரில் உடைந்த தோட்டக் குழாய்களில் பெரும்பாலானவை உடைந்த இடம் அதுதான், மண்ணுக்குள் இருக்கும் குழாய் இல்லை.

இந்த ஊருக்கே புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். இங்கே மழை, பனி எல்லாம் சேர்த்தே வருடத்துக்கு 15 அங்குலம் அளவுக்குத்தான் விழும். அப்படிப்பட்ட ஊரில் கென்டக்கி புளூகிராஸ் என்ற, தண்ணீரை மொடாக் குடியாகக் குடிக்கிற ஒரு புல்லை வீட்டுக்கு வீடு வளர்க்கிறோம் (ஏன் என்று கேட்காதீர்கள், பழக்கம்தான்). அதனால் கொஞ்சம் புல்தரை இருக்கிற பெரும்பாலான வீடுகளில் தரைக்கடியில் ஸ்பிரிங்க்ளர் குழாய் ஓடும். பேஸ்மென்ட்டில் மெயின் தண்ணீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, சுவரைத் துளைத்து வெளியே வந்து, மேலே ஏறி, அந்தப் பித்தளைக்குள் புகுந்து, மறுபடி கீழே இறங்கி மண்ணுக்குள் போகும். அங்கிருந்து பச்சை மூடி போட்ட பெட்டிக்குள் இருக்கும் வால்வுகளுக்குப் போய், ஒவ்வொரு வால்வும் ஒரு சோனுக்கு, அதாவது தோட்டத்தின் ஒரு பகுதிக்கு, தண்ணீர் விடும்.

அந்தப் பித்தளையைத்தான் பேக்ஃப்ளோ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். தெருவில் மெயின் உடைந்தோ தீயணைப்பு வண்டி இழுத்தோ அழுத்தம் திடீரென்று இறங்கினால், தோட்டத்து மண்ணும் உரமும் கலந்த தண்ணீர் வீட்டுக் குடிநீருக்குள் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுப்பது அதன் வேலை. அது சரியாக வேலை செய்ய, தோட்டத்திலேயே மிக உயரத்தில் இருக்கும் ஸ்பிரிங்க்ளர் தலையைவிடக் குறைந்தது 12 அங்குலம் மேலே இருக்க வேண்டும். அதனால்தான் அதை மண்ணுக்குள் புதைக்க முடியாது. வெளியே, காற்றில், நாலு பக்கமும் குளிர் படும்படி நிற்கிறது. குடிநீரைக் காப்பாற்ற நிறுத்தி வைத்ததுதான் குளிருக்கு முதலில் மாட்டுகிறது.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும். ஃப்ரீசரில் வாய்வரை நிரப்பி வைத்த பாட்டில் வீங்குகிற கதைதான். ஆனால் குழாயை உடைப்பது பெரும்பாலும் பனிக்கட்டி நேராகச் சுவரைத் தள்ளுவதால் இல்லை. ஒரு பக்கம் கட்டி அடைத்துக்கொள்ளும், மறுபக்கம் மூடின வால்வு. நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், இருப்பதிலேயே பலவீனமான இடத்தைப் பிளக்கும். அதனால் கடைசிச் சொட்டுவரை வெளியேற்றியாக வேண்டும் என்று பதற வேண்டியதில்லை. மிச்சத் தண்ணீர் பெருகுவதற்குக் காற்று இருக்கிற இடம் வேண்டும், அவ்வளவுதான்.

மண் சீக்கிரம் உறையாது. டென்வரில் அஸ்திவாரத்துக்கு உறைபனி ஆழம் என்று 36 அங்குலம் கணக்கு வைக்கிறார்கள். ஸ்பிரிங்க்ளர் குழாய் சாதாரணமாக ஒரு அடி ஆழத்துக்குள்தான் கிடக்கும், ஆகவே ஜனவரியில் அதுவும் உறையும், சந்தேகமில்லை. ஆனால் அக்டோபரில் ஓர் இரவு குளிர் இறங்கினால் அந்த ஒரு அடி மண்ணில் கோடைச் சூடு இன்னும் மிச்சம் இருக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் அந்தப் போர்வை கிடையாது. ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும்.

எப்போது செய்வது? டென்வரில் முதல் உறைநிலை இரவு சராசரியாக அக்டோபர் முதல் பாதியில் வரும். சராசரியை நம்பி இந்த ஊரில் எதையும் செய்யாதீர்கள். 2019 அக்டோபர் 9 அன்று பகலில் 83 டிகிரி பாரன்ஹீட், அரைக்கை சட்டையோடு வெளியே நடந்தோம். மறுநாள் 13 டிகிரிக்குப் போய்விட்டது, பனியும் கொட்டியது. 2020இல் அதைவிடக் கூத்து: செப்டம்பர் 5 அன்று 101 டிகிரி, மூன்றே நாள் கழித்து 8ஆம் தேதி பனி பெய்தது. இங்கே குளிர் மெல்ல மெல்ல வராது, வடக்கிலிருந்து ஒரு காற்று இறங்கினால் மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் சம்பந்தமே இருக்காது. எனவே காலண்டரைப் பார்க்காமல் வானிலை அறிக்கையைப் பார்ப்பதுதான் நல்லது. செப்டம்பர் நடுவிலிருந்து பத்து நாள் முன்னறிவிப்பில் கண் வைத்திருப்பேன். உறைநிலையான 32க்குக் கொஞ்சம் கீழே ஒரு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. 28 டிகிரி, அதுவும் சில மணி நேரம் என்று போட்டிருந்தால் அன்று மாலையே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். அந்த வாரம் ஸ்பிரிங்க்ளர் ஆட்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள், ஊரே அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

சரி, பித்தளையைக் காலி செய்வது எப்படி என்று பார்ப்போம்.

பேஸ்மென்ட்டில் அந்தக் கிளைக் குழாய்க்கு ஒரு வால்வு இருக்கும். பல வீடுகளில் அது ஸ்டோர் ரூமில் பழைய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், வெயில் காலத்திலேயே கண்டுபிடித்து ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். அதை மூடுங்கள். மூடிய பிறகு கன்ட்ரோலரில் (வால்வுகளைத் திறந்து மூடும் மின்பெட்டி) ஏதாவது ஒரு சோனை ஒரு நிமிடம் ஓடவிட்டால் குழாயில் இருந்த அழுத்தம் இறங்கிவிடும். அப்புறம் அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே விரல் நுனி அளவு ஒரு சின்ன மூடி இருக்கும், கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு அதைத் திருகிக் கழற்றுங்கள். ஆரம்பத்தில் நாலு சொட்டுதான் வரும். வெளியே போய்க் காற்று உள்ளே புகுவதற்கு வழி செய்தால்தான் மிச்சம் இறங்கும்.

வெளியே அந்தப் பித்தளையில் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு கைப்பிடிகள் இருக்கும், ஒன்று தண்ணீர் வரும் பக்கம், இன்னொன்று போகும் பக்கம். அது தவிர, உடம்பிலிருந்து துருத்திக்கொண்டு இரண்டு குட்டிக் குழாய்கள், அதன் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் நுழைக்க ஒரு கீறல். இவை சோதனைக் குழாய்கள். கீறல் குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, நெடுக்கே இருந்தால் திறந்திருக்கிறது. தட்டையான ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் திருப்பித் திறந்ததும் புஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு கொஞ்சம் தண்ணீர் தெறிக்கும், உடனே பேஸ்மென்ட் வாளியில் கடகடவென்று கொட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மண்ணுக்குள் இறங்கும் பக்கத்துக் குழாயில் ஹோஸ் மாட்டுகிற மாதிரி ஒரு குழாய் வாய் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள், அந்தக் காலில் நிற்கும் தண்ணீரும் போய்விடும்.

கடைசியாக, நிறையப் பேர் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. இரண்டு கைப்பிடிகளையும் இரண்டு சோதனைக் குழாய்களையும் முழுக்கத் திறந்தும் வைக்கக் கூடாது, முழுக்க மூடியும் வைக்கக் கூடாது, 45 டிகிரியில் அரைகுறையாக நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பது துளை போட்ட ஒரு உருண்டை. முழுக்கத் திறந்தாலும் மூடினாலும் உருண்டைக்கும் கூட்டுக்கும் நடுவே ஒரு மடக்குத் தண்ணீர் சிக்கிக்கொள்ளும். அந்த ஒரு மடக்கு போதும், பித்தளையில் மயிரிழை அளவுக்கு விரிசல் விழ. குளிர்காலம் முழுக்க வெளியே ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் தண்ணீரைத் திறக்கும்போது, பக்கவாட்டில் விசிறி மாதிரி பீய்ச்சி அடிக்கும்போதுதான் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி ஆனது. அவர்களுக்கு அதிர்ஷ்டம், உடைந்தது மேல்மூடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் பாகம் மட்டும்தான். அதைப் போனட் என்பார்கள், அதனுள் ஏறி இறங்கும் வட்டு பாப்பெட். இரண்டும் சேர்ந்த ரிப்பேர் கிட் கடையில் கிடைக்கும், மாடல் எண்ணைப் பித்தளையிலேயே பொறித்திருப்பார்கள், அதைப் படமெடுத்துக்கொண்டு போனால் போதும். நான் கூட நின்று மாற்றிக் கொடுத்தேன், மேல்மூடியின் திருகாணியைக் கழற்றி, பழையதைத் திருகி எடுத்து, ரப்பர் வளையத்தைத் துடைத்துப் புதியதைக் கையால் இறுக்கினோம், முடிந்தது. பித்தளை உடம்பே பிளந்திருந்தால் செம்புக் குழாயை வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அது பிளம்பர் வேலை, பில் பல நூறு டாலரில் நிற்கும்.

ஆள் வருவதற்குள் குளிர் வந்துவிட்டால், மேலே சொன்னதைச் செய்துவிட்டாலே தொண்ணூறு சதவீதம் பயம் தீர்ந்தது. இன்னும் ஒரு வாரம் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், இன்று ஒரு ராத்திரி மட்டும்தான் குளிர் என்றால் பழைய டவல் இரண்டை அந்தப் பித்தளையிலும், சுவரிலிருந்து மண் வரை தெரியும் செம்பிலும் சுற்றி, மேலே குப்பைப் பையைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள். டவல் நனையக் கூடாது, நனைந்தால் அதுவே வில்லங்கம். கடையில் விற்கும் பஞ்சு வைத்த உறையும் இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் உள்ளே தண்ணீரை விட்டுவிட்டு உறையை மட்டும் நம்பி டிசம்பருக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உறை குளிரைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

இப்போது ஊதுவதற்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் தப்பான எண்ணைப் பார்க்கிறார்கள். கராஜில் கார் டயருக்குக் காற்றடிக்க ஒரு கம்ப்ரெசர் இருக்கிறது, 150 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருக்கிறது, அது போதாதா? போதாது. அழுத்தத்தைவிட ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதுதான் முக்கியம், அதை சி.எஃப்.எம். என்று எழுதியிருப்பார்கள். ஆறு காலன் தொட்டி வைத்த தட்டைக் கம்ப்ரெசர் இரண்டரை சி.எஃப்.எம். சுமாருக்குத்தான் தரும். காற்று குறைவாக இருந்தால் அது குழாயின் மேற்பாதியில் சறுக்கிக்கொண்டு போய்விடும், தண்ணீர் பள்ளமான இடங்களில் அப்படியே படுத்திருக்கும். ஸ்பிரிங்க்ளர் தலையில் புகை மாதிரி வருவதைப் பார்த்துவிட்டு முடிந்துவிட்டது என்று நினைப்போம், உள்ளே பாதி இருக்கும். லாரிக்குப் பின்னால் இழுத்து வரும் கம்ப்ரெசர்கள் 185 சி.எஃப்.எம். வகை, அவர்கள் வால்வைக் கொஞ்சம் திறந்தாலே குழாய் முழுவதும் நிறைந்து தள்ளும்.

தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து, ஒரு தள்ளு, மறுபடி காத்திருப்பு, மறுபடி ஒரு தள்ளு என்று சின்னக் கம்ப்ரெசரிலும் ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று சின்ன சோன் என்றால் செய்யலாம், சனிக்கிழமை போய்விடும். ஏழெட்டு சோன் இருக்கும் வீட்டில் அது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு ஆளை ஒரே நாளில் வரவழைத்தால் தலைக்குக் குறைத்துத்தான் கேட்பார். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், செப்டம்பரிலேயே தேதி வாங்கிவிடுவோம். இல்லாவிட்டால் வாடகைக்குப் பெரிய கம்ப்ரெசர் எடுத்து மூன்று நாலு வீட்டுக்குச் சுற்றவிடலாம்.

நீங்களே செய்வதாக இருந்தால் அளவுகளை மனதில் வையுங்கள். கறுப்பு பாலி குழாய்க்கு 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடாது, வெள்ளை பி.வி.சி. என்றால் 80. கம்ப்ரெசரில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குழாயோடு இணைப்பதற்கு முன்பே அதற்குத் தகுந்தபடி வைத்துவிடுங்கள். காற்றைப் பேக்ஃப்ளோவுக்குள் விடாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தைச் சூடும் வேகமும் கெடுத்துவிடும். அதன் வெளிப்பக்கக் கைப்பிடியை மூடிவிட்டு, அதற்கு அப்பால் மண்ணுக்குள் இறங்கும் குழாயில் இருக்கும் வாயில்தான் மாட்ட வேண்டும். முதலில் கன்ட்ரோலரில் ஒரு சோனைத் திறந்துவிட்டு, அப்புறம்தான் காற்றைத் திறக்க வேண்டும். எந்த சோனும் திறக்காமல் காற்றை ஏற்றினால் மொத்த அழுத்தமும் வால்வுகளின் மேல் உட்காரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், வால்வுப் பெட்டி மேலேயும் தலைகள் மேலேயும் குனிந்து நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

இருப்பதிலேயே தூரமான அல்லது உயரமான சோனில் ஆரம்பியுங்கள். முதலில் வழக்கம்போல் தண்ணீர் பீய்ச்சும், அப்புறம் தலைகள் இருமத் தொடங்கும், விட்டு விட்டுத் துப்பும், பிறகு வெள்ளையாகப் புகை. புகை வந்ததும் நிறுத்துங்கள். ஒரு சோனுக்கு ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம்தான் உச்ச வரம்பு. சுழலும் தலைகளுக்குள் இருக்கும் பல்சக்கரங்களுக்குத் தண்ணீர்தான் எண்ணெய், வெறும் காற்றில் தறிகெட்டுச் சுற்றினால் சூடேறித் தேயும். அதனால் ஒரே மூச்சில் நீளமாக ஊதுவதைவிட, எல்லா சோன்களையும் ஒரு சுற்று முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டு இரண்டாவது சுற்று வருவது நல்லது. அந்த இடைவெளியில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த தண்ணீர் பள்ளத்தில் சேர்ந்திருக்கும், இரண்டாம் சுற்றில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

சொட்டு நீர் சோன் இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதில் ரெகுலேட்டர் இருக்கும், 25, 30 பி.எஸ்.ஐ.க்குத்தான் பழகிய குழாய் அது. அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு குழாயின் கடைசி மூடியையும் கழற்றிவிட்டு மெதுவாக ஊதுங்கள். பக்கத்தில் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவி கராஜில் வைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் முதலில் கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு, கடைசி சோன் வழியாகக் காற்று முழுக்க இறங்கியதும் சோனை மூடுங்கள். பேக்ஃப்ளோ கைப்பிடிகள் மறுபடி 45 டிகிரி. கன்ட்ரோலரை ஆஃப். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், கராஜ் குளிரில் அந்தச் சின்னச் சூடு ஈரம் படியாமல் காக்கும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு வேறு இடத்தில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண ஹோஸ் குழாயைத்தான் சொல்கிறேன். புது வீடுகளில் அது உறையாத வகை: கைப்பிடி வெளியே இருந்தாலும் தண்ணீரை நிறுத்தும் இடம் நீண்ட தண்டின் மறுமுனையில், சுவருக்கு உள்ளே, வெதுவெதுப்பான பக்கம் இருக்கும். மூடியதும் வெளிப்பக்கத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆனால் ஹோஸை மாட்டியே வைத்திருந்தால் வடியாது. உள்ளேயே நின்று, உறைந்து, சுவருக்குள் இருக்கும் பகுதியைப் பிளந்துவிடும்.

மதுரைக்கார நண்பர் ஒருவர் வீட்டில் இதுதான் ஆனது. ஏப்ரலில் கார் கழுவக் குழாயைத் திறந்தார். வெளியே தண்ணீர் கொஞ்சம் மெலிவாக வந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எனக்குப் போன்: "அண்ணே, பேஸ்மென்ட்ல கார்பெட் எல்லாம் சொதசொதன்னு இருக்கு, சுவத்துக்குள்ள சத்தம் கேக்குது." அத்தனை நாளும் பிளந்தே கிடந்திருக்கிறது, குழாய் மூடியிருந்ததால் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. திறந்தபோதுதான் பாதி வெளியே, பாதி உள்ளே. சுவரின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, விசிறிகளை வைத்து உலர்த்தி, பூஞ்சை வராமல் பார்ப்பதற்குள் மனிதர் நொந்துவிட்டார். வசந்தத்தில் முதல் தடவை அந்தக் குழாயைத் திறக்கும்போது வாயைக் கட்டை விரலால் அடைத்துப் பாருங்கள். விரலால் முழுக்க அடைத்துத் தண்ணீரை நிறுத்த முடிந்தால், உள்ளே எங்கோ வேறு வழி இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள், ஒருவர் பேஸ்மென்ட்டில் நின்று காது கொடுக்கட்டும்.

அவர் ஒன்றும் அக்டோபரில் ஹோஸைக் கழற்றாதவர் இல்லை. பிப்ரவரியில் மரத்துக்குத் தண்ணீர் விடுவதற்காக மறுபடி மாட்டியிருக்கிறார். அதுவும் செய்ய வேண்டிய வேலைதான். இங்கே குளிர்காலம் ஈரமாக இருக்காது, பனி விழுந்தாலும் வெயிலில் ஆவியாகிப் போய்விடும், புதிதாக நட்ட மரங்கள் வேர் காய்ந்தே செத்துப்போகும். அக்டோபர் முதல் மார்ச் வரை, பனி இல்லாத மாதங்களில் ஒன்றிரண்டு முறை, 40 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், மத்தியான வாக்கில் விட வேண்டும் என்பதும், அடிமரத்தின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு 10 காலன் என்பதும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கத் துறை சொல்லும் கணக்கு. ஸ்பிரிங்க்ளரை அடைத்தாகிவிட்டதால் இதை ஹோஸில்தான் செய்ய முடியும். விட்டு முடித்த கையோடு ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சுருட்டிக் கராஜுக்குள் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். மாலையில் கழற்றிக்கொள்ளலாம் என்றால் மாலையில் இருட்டிவிடும், குளிரும், மறந்துபோகும்.

மறுபடி திறப்பதற்கு அவசரம் வேண்டாம். இங்கே தோட்டக்காரர்கள் தக்காளி நாற்றை அன்னையர் தினத்துக்கு முன் வெளியே நடுவதில்லை, ஸ்பிரிங்க்ளருக்கும் நான் அதையே வைத்துக்கொள்கிறேன். மே மாதத்தில் பனி பெய்வது இந்த ஊரில் அதிசயம் இல்லை. திறக்கும்போது பேஸ்மென்ட் மூடியையும் சோதனைக் குழாய்களையும் முதலில் மூடிவிட்டு, உள்பக்க வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து நிறுத்துங்கள். காலிக் குழாயில் ஒரேயடியாகத் தண்ணீரை விட்டால் அது ஓடிப்போய் வளைவுகளில் மோதும் மோதலில் இணைப்புகள் கழன்றுவிடும். பேக்ஃப்ளோவின் மேல்மூடியிலிருந்து சில விநாடி தண்ணீர் துப்பும், பாப்பெட் மேலே ஏறி உட்காரும்வரை அது சகஜம். ஒரு நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் வால்வை மூடிவிட்டு, ரிப்பேர் கிட் வாங்கக் கடைக்குக் கிளம்புங்கள், மாடல் எண்ணைப் படமெடுக்க மறக்காமல்.